நெய் என்னும் வினைச்சொல்

பள்ளி மாணவர் கையாளும் ஆங்கில அகராதியில் 'வீவ்' என்னும் வினைச்சொல்லைத் தேடினால், அதற்கு நேரே 'நெய்' என்று ஒரு சொல் அச்சாகியிருக்கும். மாணவர் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவர். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் நேர் என்று எண்ணிவிட்டால் அகராதியின் வேலை எளிதாகிவிடும். ஆனால் சொற்கள் அவ்வாறு இரட்டைப் பிள்ளைகளாகப் பிறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஊரும் தனி உறவும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்த்துவிட்டு, அதன் தமிழ் நேர்ச்சொல்லைக் காஞ்சிபுரத்துத் தறியின் முன்னே கொண்டுபோய் நிறுத்த விரும்புகிறேன். அங்கே அச்சொல் நாள்தோறும் வேலை செய்கிறது. வேலை செய்யும் இடத்தில் பார்த்தால்தானே ஒருவரின் இயல்பு தெரியும்?

'வீவ்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'வெஃபான்' என்று வழங்கியது. ஜெர்மானியர் இன்றும் 'வேபன்' என்பர். துணியைக் குறித்த 'வெப்', ஊடை நூலைக் குறித்த 'வெஃப்ட்' ஆகிய சொற்கள் இக்குடும்பத்துப் பிள்ளைகளே. வடமொழிக்கும் இக்குடும்பத்தில் உறவு உண்டு. சிலந்தியை வடமொழியில் 'ஊர்ணவாபி' என்றனர். மயிர்நூலை நெய்வது என்பது அதன் பொருள். அதிலுள்ள 'வாபி' என்னும் பகுதியும் ஆங்கில 'வெப்' என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பர் மொழியறிஞர். பிற்காலத்தார் அச்சொல்லை 'ஊர்ணநாபி' என்று மாற்றி, கொப்பூழிலிருந்து நூல் விடுவது என்று புதுப்பொருள் கற்பித்துக்கொண்டனர். வேர் மறந்துபோனால் மக்கள் தாமே ஒரு வேரை நட்டுக்கொள்வது எல்லா மொழிகளுக்கும் பொதுவான வழக்கம்.

ஆங்கில நாட்டில் 'வெப்ஸ்டர்' என்பது ஒரு குடும்பப் பெயர். நெசவு செய்பவர் என்பதே அதன் பொருள். 1828-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பேரகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் பெயரில், முன்னோர் ஒருவரின் தறியோசை ஒளிந்திருக்கிறது. அப்பெயரின் இறுதியில் உள்ள 'ஸ்டர்' என்னும் விகுதி பழைய காலத்தில் பெண்பாலை உணர்த்திற்று. 'ஸ்பின்ஸ்டர்' என்றால் நூல் நூற்கும் பெண். பிற்காலத்தில் அச்சொல்லிலிருந்து தொழில் உதிர்ந்துபோய், மணமாகாத பெண் என்னும் பொருள் மட்டும் எஞ்சியது. செய்த வேலை மறக்கப்பட்டு, செய்தவரின் வீட்டு நிலைமை மட்டும் நினைவில் நின்றது. இதை மாணவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். காஞ்சிக்குச் செல்லும்போது இது பயன்படும்.

இன்றைய ஆங்கிலத்தில் இவ்வினை துணியோடு நிற்பதில்லை. கூடை முடைந்தாலும், மாலை தொடுத்தாலும், கதை புனைந்தாலும் அவர்கள் 'வீவ்' என்றே சொல்லலாம். நெரிசலான சாலையில் ஒருவன் இப்பக்கமும் அப்பக்கமும் வளைந்து வண்டி ஓட்டினாலும் அதே சொல்தான். நாடா இப்பக்கமும் அப்பக்கமும் ஓடுவதைப் பார்த்து இப்பொருள் வந்ததென்று பலர் எண்ணுவர். அப்படியன்று. வளைந்து செல்லுதலைக் குறிக்கும் 'வீவ்' வேறொரு வினை. பழைய வடநாட்டு மொழியில் ஆட்டுதல், வீசுதல் என்னும் பொருளில் வழங்கிய 'வெய்ஃபா' என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இரண்டும் ஒலியால் ஒன்றாகிவிட்டன. ஆயினும் இறந்தகாலத்தில் வேற்றுமை இன்னும் தலைகாட்டுகிறது. துணி நெய்தால் 'வோவ்'. வண்டி வளைந்து சென்றால் 'வீவ்ட்'. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தமிழிலும் இத்தகைய ஒலியொற்றுமை உண்டு. பசுவின் பாலிலிருந்து கிடைக்கும் நெய் வேறு. துணி நெய்யும் நெய் வேறு. கடற்கரை நிலத்துக்குப் பெயர் தந்த நெய்தல் மலரை இவ்வினையோடு முடிச்சுப் போட்டு, கடற்கரை மக்கள் வலை நெய்ததால் அந்நிலம் நெய்தல் ஆயிற்று என்று சிலர் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் பொருந்தாது. தமிழர் வலையை நெய்வதில்லை, பின்னுவர். அறுபத்து மூவருள் நெசவுத் தொழில் செய்த அடியாரான நேச நாயனாரின் பெயரும் நெசவு என்னும் சொல்லோடு தொடர்புடையதன்று. ஒலி ஒன்றாக இருப்பதால் உறவும் ஒன்றென்று முடிவுகட்டுவது சொல்லாராய்ச்சியில் பெருங்குழி.

இனி, உண்மையான உறவுகளைப் பார்ப்போம். மலையாளத்தில் 'நெய்யுக', கன்னடத்தில் 'நேய்', தெலுங்கில் 'நேயு'. இவை நான்கும் ஒரே வேரின் கிளைகள். இதை அறிய ஒப்பிலக்கண நூல்களைப் புரட்ட வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்துத் தெருக்களில் நடந்தாலே போதும். தமிழ் பேசும் செங்குந்தரும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பத்மசாலியரும், தேவாங்கரும் இந்நகரின் நெசவுக் குடிகள். ஒரு வீட்டில் 'நெசவு' என்பர். அடுத்த வீட்டில் 'நேத்த' என்பர். இரண்டு வீட்டிலும் தறியின் ஓசை ஒன்றே. மொழிகள் பிரிந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும் ஒரு வினைச்சொல் ஒரே தெருவில் தன் உடன்பிறப்பைச் சந்தித்து நிற்பது அரிய காட்சியாகும்.

ஆங்கிலச் சொல் பரந்தது என்றேன். தமிழ்ச் சொல் நுண்ணியது. கூந்தலைப் பின்னுகிறோம், ஓலையை முடைகிறோம், பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோக்கிறோம், கூரையை வேய்கிறோம். இவற்றுள் எதையும் இன்றைய பேச்சில் நெய்கிறோம் என்பதில்லை. தொடுத்தல் என்னும் பொருளையும் அகராதிகள் நெய்தலுக்குத் தருவதுண்டு. எனினும் வழக்கில் நிலைத்து நின்றது ஒரு பொருளே. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலும், அதனூடே குறுக்காகச் செல்லும் ஊடை நூலும் சேர்ந்து ஓர் உடலாக ஆவதே நெய்தல். பத்தமடைக் கோரைப் பாயைப் 'பாய் நெய்தல்' என்று சொல்வது இதனால்தான். அங்கே பருத்தி நூல் பாவாக நிற்க, கோரை ஊடையாகச் செல்கிறது. தென்னங்கீற்றுக்கு அந்தப் பெருமை இல்லை. அதை முடையத்தான் வேண்டும்.

இந்த நுண்மையால் ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் வகுத்த திட்டத்திலிருந்து கணினிகளில் உள்ள ஆவணங்களை இணைக்கும் உலகளாவிய அமைப்பு ஒன்று தோன்றியது. ஆங்கிலேயர் அதற்கு நெசவுக் குடும்பத்துச் சொல்லாகிய 'வெப்' என்பதை இட்டனர். நாமோ அதை 'வலை' என்று மொழிபெயர்த்தோம். ஆங்கிலத்தில் நெசவாளியின் துணியாக இருந்தது, தமிழுக்கு வந்ததும் மீனவரின் வலையாகிவிட்டது. குற்றம் சொல்வதற்கில்லை, சிலந்தியைத் தமிழன் ஒருநாளும் நெசவாளியாகக் கருதியதில்லை.

நெசவு, துணியைக் கடந்து அறிவுலகத்துக்குள் நுழைந்த வழி இன்னும் சுவையானது. நாம் படிக்கும் புத்தகத்துக்கு 'நூல்' என்று பெயர். அதே சொல் தறியில் பஞ்சு நூலையும் பட்டு நூலையும் குறிக்கிறது. செய்யுளுக்குப் 'பா' என்று பெயர். தறியில் நீளவாட்டில் நிற்பதும் பாவே. புறநானூற்றுப் பாடல் ஒன்று பஞ்சு நூற்கும் பெண்ணைக் காட்டுகிறது. அங்கே 'பனுவல்' என்பது அவள் பண்படுத்திய பஞ்சு. பிற்காலத்தில் அதே பனுவல் கற்றோர் கையிலுள்ள நூலாயிற்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இவ்வுவமையை முழுமையாக விரித்துரைக்கிறது. சொல்லே பஞ்சு, புலவனே நூற்கும் பெண், வாயே அவள் கை, அறிவே கதிர் என்று அது அடுக்கிச் செல்கிறது. இலக்கணம் செய்த ஆசிரியர், தம்மைப் போன்ற புலவனை நூல் நூற்கும் பெண்ணின் இடத்தில் அமர்த்துகிறார். அவளைத் தாழ்ந்தவளாக எண்ணியிருந்தால் இவ்வாறு செய்திருப்பாரா?

மேலைநாட்டாரும் இவ்வழியே சென்றனர். இலத்தீன் மொழியில் நெய்தலுக்கு 'டெக்ஸெரே' என்பது சொல். துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' என்பதும், பாடத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்பதும் அதிலிருந்து பிறந்தவை. வடமொழியில் 'சூத்திரம்' என்றால் நூலிழை. சுருங்கிய இலக்கண விதிக்கும் அதுவே பெயர். துணி உடுத்த மக்கள் எங்கெல்லாம் சிந்திக்கத் தொடங்கினரோ அங்கெல்லாம் சிந்தனைக்குத் தறியிடமிருந்தே சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றனர்.

'தறி' என்னும் சொல்லும் ஒரு குறிப்புக்கு உரியது. நிலத்தில் நட்ட மரமே தறி. யானையையும் மாட்டையும் கட்டும் கம்பம் கட்டுத்தறி. நெசவுக் கருவிக்குரிய மரங்களை நட்டு நூலை இழுத்துக் கட்டியதால் அதுவும் தறி ஆயிற்று. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்னும் பழமொழியைக் கேட்டு, கம்பர் வீட்டில் நெசவு நடந்தது என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால் அவரைக் கோபிக்க வேண்டாம். அவருடைய ஆராய்ச்சியில் பாதி சரி.

இப்போது காஞ்சியின் வரலாற்றுக்கு வருவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. பரிசில் நாடி வந்த பாணர்க்கு அவன் ஆவியைப் போன்ற மெல்லிய நூலாடை கொடுத்ததை அது கூறுகிறது. சிலப்பதிகாரம் நெசவாளரைக் 'காருகர்' என்று குறிப்பிட்டு, பட்டாலும் மயிராலும் பருத்தியாலும் ஆடை செய்வோர் வாழ்ந்த பகுதியைப் பேசுகிறது. ஆடையின் மென்மையைப் புகழாத புலவர் இல்லை எனலாம். நெய்தவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்னும் கேள்விக்குத்தான் பாடல்களில் விடை அரிதாகக் கிடைக்கிறது.

அவ்விடையின் ஒரு பகுதியைச் செப்பேடு தருகிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலைப் பற்றியவை அவை. இன்று உலகளந்த பெருமாள் கோயில் என்று நாம் வழங்குவது அதுவே. நிறுத்தும் அளந்தும் விற்கும் பொருள்களின்மேல் கிடைக்கும் கூலி அக்கோயிலுக்கு வருவாயாக இருந்தது. அவ்வருவாயைக் கொண்டு வழிபாடும் விழாவும் முறையாக நடக்கின்றனவா என்று மேற்பார்க்கும் பொறுப்பில், நகரின் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலிகளுக்கு அரசன் இடம் அளித்தான். பட்டசாலிகள் என்போர் நெசவாளர்கள். அரசனுக்கு ஆடை நெய்தவர்கள் என்று கருதப்படுவோர். நகரத்தின் எடையும் அளவும் ஈட்டிய பணத்துக்கு அவர்கள் காவலர். கோயிலின் செலவைக் கேட்டறியும் உரிமை உடையவர்கள். தறிக்குழியில் அமர்ந்தவரே கணக்கு முன்னும் அமர்ந்தார். காஞ்சியின் பட்டைப் பற்றிப் பேசுவோர் பலரும் கோபுரத்தையும் மயிலையும் அன்னத்தையும் சேலையின் கரையில் காட்டிப் பெருமைப்படுவர். எனக்கோ இச்செப்பேடே காஞ்சி நெசவின் பெரும்பெருமையாகத் தோன்றுகிறது. ஏனெனில் இங்கே நெசவாளர் துணிக்குப் பின்னால் மறைந்து நிற்கவில்லை. வாக்கியத்தின் எழுவாயாக வந்து நிற்கிறார்.

எழுவாய் என்று சொன்னதன் காரணத்தை விளக்க வேண்டும். நெய் என்பது செயப்படுபொருள் குன்றாவினை. நெய்பவர் ஒருவர் வேண்டும். நெய்யப்படும் பொருள் ஒன்று வேண்டும். ஆனால் இரண்டில் முதலாவதை விட்டுவிட்டுப் பேசத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. திண்ணையா மெழுகியது? மெழுகிய பெண் எங்கே? அவ்வாறே 'சேலை நெய்தாயிற்று' என்கிறோம். ஆங்கிலத்திலும் 'இந்தியாவில் நெய்யப்பட்டது' என்று ஒரு சீட்டை ஒட்டினால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. கேட்பவருக்கு எதுவும் குறைவதாகத் தோன்றுவதில்லை.

காஞ்சித் தறியின் அருகே சென்றால் எழுவாய் எத்தனை பேர் என்பது தெரியும். கர்நாடகத்திலிருந்து பெரும்பாலும் வரும் பட்டு நூலை முதலில் முறுக்குகின்றனர். பின்னர்ச் சாயம் தோய்க்கின்றனர். ஒருவர் பாவு ஓட்டுகிறார். அப்பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குகின்றனர். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் வண்டிகள் அதைச் சுற்றிச் செல்வதுண்டு. பழைய பாவின் ஒவ்வொரு நூல் முனையோடும் புதிய பாவின் ஒவ்வொரு நூல் முனையையும் விரலால் முறுக்கி இணைப்பது 'பிணைத்தல்'. ஆயிரக்கணக்கான முனைகளை இவ்வாறு பிணைக்க வேண்டும். ஊடைக்குரிய நூலைத் தாரில் சுற்ற வேண்டும். வீட்டில் நடக்கும் இவ்வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. மாலையில் அவ்வீட்டுப் பெண்ணிடம், 'நீங்களும் நெய்வீர்களா?' என்று கேட்டால், 'இல்லை, அவர்தான் நெய்கிறார். நான் கூடமாட ஒத்தாசை செய்கிறேன்' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். 'ஸ்பின்ஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறதன்றோ?

தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து நெசவாளர் மிதிக்கும்போது பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகிறது. அவ்வழியே நாடா பாய்கிறது. பின்னர் அச்சு வந்து ஊடையை நெருக்குகிறது. சாதாரணச் சேலைக்கு நாடா ஒன்று போதும். காஞ்சியின் சிறப்பாகிய கோர்வைச் சேலைக்கு மூன்று வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். ஒருவரின் இரண்டு கைகள் இதற்குப் போதா. ஆகவே பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, கரையின் நாடாவை வாங்கி எறிகிறார். முந்தானை வேறு நிறமாக இருந்தால், பாவையே மாற்றிப் பிணைக்கும் 'பிட்னி' என்னும் வேலையும் உண்டு.

தமிழில் 'நெய்தார்' என்பது மரியாதைக்காக ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லை. 'அவர்' என்று சொல்லுமுன் ஒருவரா பலரா என்று தீர்மானித்தாக வேண்டும். கோர்வைச் சேலையை நெய்தார் என்று நாம் சொல்லும்போது, ஒருவருக்குத் தரும் மரியாதை போல ஒலிக்கும் அச்சொல், எண்ணிக்கையாலும் உண்மையாகவே பன்மைதான்.

அவ்விரண்டாவது ஆள் யார் என்பது நெடுங்காலம் கேட்கப்படாத கேள்வியாக இருந்தது. பல தறிகளில் அது ஒரு குழந்தை. நெசவாளரின் சொந்தப் பிள்ளையாக இருக்கலாம். வறிய பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்த பிள்ளையாகவும் இருக்கலாம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலும், குழந்தைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1986-இலும் வந்தன. அவை வந்த பின்னும் பட்டுத் தொழிலில் குழந்தைகள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைப்பதை, 2003-ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு விரிவான அறிக்கையாக வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு நிறுவனங்களும் முயன்று அக்குழந்தைகளில் மிகப் பலரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. அதன் பின் கோர்வைத் தறியில் பக்கத்து இருக்கை காலியாகத் தொடங்கியது. அங்கே அமர வளர்ந்த ஆள் வேண்டுமானால் வளர்ந்த ஆளுக்குரிய கூலி தர வேண்டும். அது கட்டுப்படியாகாமல், ஒருவரே நெய்யக்கூடிய சேலைக்குப் பலர் மாறினர். கோர்வை குறைந்துவருகிறது என்று வருந்துவோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நான் அவ்வருத்தத்தில் பங்குகொள்கிறேன்; ஆயினும் அந்த இருக்கையில் மீண்டும் ஒரு குழந்தையைக் காண விரும்பமாட்டேன்.

நெய் என்னும் வினைக்கு மனிதரல்லாத எழுவாயும் வந்து சேர்ந்தது. 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். 1804-இல் பிரான்சு நாட்டு ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் பூவேலையை ஆளும் பொறியை அமைத்தார். ஜக்கார்டு காஞ்சிக்கும் வந்து, கயிறுகளை ஆள் இழுக்கும் 'அடை' என்னும் பழைய அமைப்பின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் நெய்பவர் மனிதராகவே இருந்தார். விசைத்தறி வேறு. மக்கள் வழக்கு இவ்வேற்றுமையைச் சட்டத்துக்கு முன்பே கண்டுகொண்டது. காஞ்சியின் கைத்தறியாளர் 'தறி நெய்கிறேன்' என்பார். விசைத்தறி பெருகிய ஊர்களில் 'தறி ஓட்டுகிறேன்' என்பதே பேச்சு. அங்கே நெய்வது பொறி, மனிதர் ஓட்டுநர். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே ஒரு வினைச்சொல் தனக்குரியவரை விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறது.

சட்டம் பின்னால் வந்தது. துணிகள் தேங்கி நெசவாளர் வாடிய 1953-ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா கைத்தறித் துணியைத் தெருவில் சுமந்து விற்றார். எதிர்க் கட்சியினரான முதலமைச்சர் இராஜாஜியோ, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்திவந்தார். அரசியலில் எதிரெதிராக நின்றவர்கள் இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றனர். கைத்தறிக்குரிய பொருள்களை ஒதுக்கும் நாடாளுமன்றச் சட்டம் 1985-இல் நிறைவேறியது. அதை எதிர்த்த வழக்கில் 1993-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 பொருள்கள் ஒதுக்கப்பட்டன; பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. அச்சட்டம் கைத்தறி என்பதற்கு வகுத்த இலக்கணம் மிகச் சுருக்கமானது: விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. கை என்னும் சொல்லுக்கு அங்கே விளக்கமே இல்லை.

இலக்கண மாணவர்க்கு இங்கே ஒரு பயிற்சி தருகிறேன். பெயரெச்சம் அறுவகைப் பொருளை உணர்த்தும் என்று நன்னூலில் படித்திருப்பீர்கள்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். நெய்த என்னும் பெயரெச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்த பெண், நெய்த தறி, நெய்த ஊர், நெய்த நெசவு, நெய்த நாள், நெய்த சேலை. ஆறும் பொருந்தி வருகின்றன. இனி, காஞ்சிபுரத்துக் காந்தி சாலையில் உள்ள பட்டுக் கடை ஒன்றுக்குச் சென்று, ஒரு சேலையில் இவ்வாறில் எவை எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடுங்கள். 2004-இல் ஏற்பட்ட பட்டு முத்திரை, சேலை தூய பட்டு என்று சொல்லும். அது செயப்படுபொருளைப் பற்றியது. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை தறியைச் சொல்லும், அது கருவி. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும், அது நிலம். நெய்த விதம் கோர்வையா அன்றா என்று கடைக்காரர் வாயால் சொல்வார், அது செயல்.

நாளும் நெய்தவரும் எஞ்சுகின்றனர். ஒரு கோர்வைச் சேலைக்கு எத்தனை நாள் சென்றது என்பதைச் சீட்டு சொல்வதில்லை. நெய்தவரின் பெயர் சங்கத்தின் பதிவேட்டிலோ, முதலாளியின் கூலிக் கணக்கிலோ இருக்கும். அருகில் அமர்ந்து நாடா வாங்கியவரின் பெயரும், பாவு பிணைத்தவரின் பெயரும், தார் சுற்றியவரின் பெயரும் பெரும்பாலும் அங்கும் இரா. சில கூட்டுறவுச் சங்கங்களும் கடைகளும் அண்மைக் காலத்தில் நெசவாளரின் பெயரையும் படத்தையும் சேலையோடு வைக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றிலும் ஒரு பெயரையே காண்கிறோம்; நெய்தார் என்னும் சொல்லின் பன்மை இன்னும் சீட்டில் ஏறவில்லை.

சேலையில் மட்டும் அது ஏறியிருக்கிறது. கோர்வைச் சேலை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், உடலும் கரையும் சந்திக்கும் இடத்தைத் திருப்பி, உட்புறமாக விரலால் தடவிப் பாருங்கள். நெடுக ஒரு சிறு மேடு தட்டுப்படும். உடலின் நூலும் கரையின் நூலும் வரிசைக்கு வரிசை பற்றிக்கொண்ட தடம் அது. அதன் ஒரு பக்கத்து ஊடையை எறிந்தது ஒருவர் கை. மறுபக்கத்து ஊடையை எறிந்தது இன்னொருவர் கை.